ஓட்டைத் தகட்டு வேலி

குமரேசா,

உனக்கு மாமனாராக வரப்போகும் தணிகாசலம் நேற்றுக் காலை நம் வீட்டுக்கு வந்தார். வீட்டைச் சுற்றியிருக்கும் ஓட்டைத் தகட்டு வேலியைக் கல்யாணத்துக்கு முன் பிடுங்கிவிடுவதாக நீ கான்பூரிலிருந்து அவருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டினார். பிடுங்க முடியாது என்று சொல்லிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். ஏன் முடியாது என்று அவருக்குச் சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. உனக்குச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் இருந்தது, சொல்லவில்லை. அந்தத் தப்பை ஒப்புக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னைக் கேட்காமல் என் வேலியை எழுதிக் கொடுத்தாயே, அந்தத் தப்பு உன்னுடையது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தணிகாசலம் வந்தவர் உட்காரவில்லை. நல்ல மனிதர்தான். முப்பது வருஷம் ரெவின்யூ ஆபீசில் ஹெட் கிளார்க் வரைக்கும் போய் ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இன்னும் இரண்டு பேனா. "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. எங்க ஜனம் நாலு பேரு வருவாங்க. வாசல்ல கால வைக்கறப்பவே குஜரிக்குள்ள நுழையற மாதிரி இருக்குது. பத்திரிகையிலயும் உங்க பேருக்குக் கீழ 'இன்ஜினியரிங் மெர்ச்சன்ட்'னு போட்டுக்கலாம். மாப்பிள்ளையும் ஒத்துக்கினாரு" என்றார். பழைய இரும்புக்கு இந்தப் பெங்களூரில் குஜரி என்றுதான் பேர், அதில் எனக்கு வெட்கமில்லை. அவர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார் பார், அதுதான் எனக்குச் சுட்டது. உன் அம்மா காபியை நீட்டிக்கொண்டு, "மொதல்ல ஒக்காந்து குடிங்க அண்ணா. அந்த வேலி எங்கியும் ஓடிப் போவாது" என்றாள்.

உனக்கு அந்த வேலி ஏன் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் பிரேசர் டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாய். பையன்கள் உன் பின்னாலேயே "பேரீச்சம்பழம், பேரீச்சம்பழம்" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கும் தெருக்காரனின் கூவல் அது. நான் வெளியே போய் அந்தப் பையன்களை விரட்டவில்லை. உன்னை உள்ளே இழுத்து ஓர் அறை வைத்தேன், எதற்கு அழுகிறாய் என்று. அந்த அறையை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கே உன்னைக் கையைப் பிடித்து வேலிக்கு அழைத்துப் போய், கேட்டுக்கு இடது பக்கம் முதல் தகட்டில் உன் விரலை வைத்து, "இதென்ன வெட்டு தெரியுமா?" என்று கேட்டிருந்தால், கான்பூரிலிருந்து அப்படி ஒரு கடிதம் போயிருக்காது.

இப்போது கேள். யுத்தம் நடந்த காலம். நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். உன் தாத்தா கோலார் தங்க வயலில் பாறைத் தூசியைத் தின்று இருமியே செத்தார். அந்தக் குழிக்குள் இறங்க மாட்டேன் என்று நான் பட்டாள வேலைப்படையில் சேர்ந்தேன். சுரங்கத்துத் துரைமாரிடம் எடுபிடியாக இருந்து பொறுக்கிய இங்கிலீஷ் இருந்ததால் மேஸ்திரி ஆக்கினார்கள். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் இலங்கை. அந்தத் துறையும் போன மார்கழியில் கடலோடு போயிற்று. தீவின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்கு வடக்கே ஒரு தென்னந்தோப்பில் எங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆறு குடும்பத்தின் தோப்பு அது, கடலை ஒட்டினாற்போல வரிசையாக இருந்தது. அந்த இடத்தில் விமானம் இறங்க வேண்டும் என்றார்கள். பதினைந்தே நாளில் மரம் ஒன்று விடாமல் வெட்டினோம். வெட்டியது நாங்கள், தமிழ்க் கூலிகள். பறிகொடுத்ததும் தமிழ் பேசுகிற ஜனம். குருத்தைத் தின்றுகொண்டே வெட்டினோம், அவ்வளவு பசி.

மரம் போன இடத்தில் மண்ணைத் தட்டி, உருளை ஓட்டி, அதன்மேல் இரும்புத் தகடு விரித்தோம். நம் வேலியில் நிற்கிறதே, அதே தகடுதான். பத்தடி நீளம், ஒண்ணேகால் அடி அகலம், மூன்று வரிசை ஓட்டை. ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் அது நுழைகிற பிளவு, காடி என்போம். கொக்கியைக் காடியில் மாட்டி, சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் பூட்டிக்கொள்ளும். வடக்கு முனையில் தொடங்கித் தெற்கு முனையில் முடித்தோம். பாய் விரித்த மாதிரி மைல் கணக்கில் கிடந்தது. வேலை நடக்கும்போது ஒரு அம்மாள் வந்து தகட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கம்மா என்று பேர். நாற்பது மரம் போனவள், என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். வேலையை மேற்பார்த்த பட்டாளத்துத் துரை என்னைப் பார்த்தான். "இது யுத்தத்துக்கு மட்டும்" என்று ஏதோ இங்கிலீஷில் முனகினான். நான் அதை அப்படியே சொல்லவில்லை. வேலை ஓடவேண்டுமே என்று, "யுத்தம் முடிஞ்சதும் நெலம் உங்களுக்கே திரும்பி வரும்மா. நான் சொல்றேன்" என்று என் கைச் சரக்கையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "மரம் இல்ல, வேலி இல்ல, எல்லாம் இரும்பு. மறுகா எங்கட காணி எது, அடுத்த ஆக்கள்ட காணி எது எண்டு எப்பிடித் தெரியும் தம்பி? அடையாளம் வையி" என்றாள். நியாயமான கேள்வி. அவரவர் எல்லை தொடங்குகிற தகட்டின் விளிம்பில் நானே உளியால் வெட்டினேன். முதல் குடும்பத்துக்கு ஒரு வெட்டு, அடுத்ததற்கு இரண்டு, தங்கம்மாவுக்கு மூன்று, அப்படியே ஆறு வரைக்கும். துரை பார்த்துச் சிரித்தான். அவள் மூன்று வெட்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

யுத்தம் முடிந்தது. விமானங்கள் போயின, பட்டாளம் போயிற்று. நான் பெங்களூர் வந்து, கண்டோன்மெண்டில் ராணுவம் கழித்துப் போட்ட வாளி, கூடாரக் குச்சி, உடைந்த கட்டில் என்று வாங்கி விற்க ஆரம்பித்தேன். நாற்பத்தேழில் ஒரு நாள், அந்த விமானத்தளத்துத் தகடுகள் ஏலத்துக்கு வருகின்றன என்று காதில் விழுந்தது. 'இருந்த இடத்தில், இருந்தபடி' என்பது ஏலத்து நிபந்தனை. பார்த்து வாங்கினாலும் சரி, பார்க்காமல் வாங்கினாலும் சரி, பிறகு வாய் திறக்கக்கூடாது. மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், எடுக்காதது சர்க்காருக்கு. பெரிய பெரிய ஆள்கள் தயங்கினார்கள், பூட்டிய தகட்டை எப்படிக் கழற்றுவது என்று. போட்டவன் நானல்லவா! எந்த முனையில் முடித்தோமோ அந்த முனையில் தொடங்கினால் ஒவ்வொன்றாக வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சேர்த்த சம்பளம், உன் அம்மாவின் கம்மல், கடன், எல்லாவற்றையும் அதில் போட்டேன்.

போய்ப் பார்த்தால் தகடே தெரியவில்லை. கடற்கரை மணலில் படருமே அடம்பன் கொடி, அது இரண்டு வருஷத்தில் தகட்டுக்குக் கீழே வேர் விட்டு, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் மேலே வந்து, மேலேயும் பின்னிக்கொண்டு கிடந்தது. இரும்பை நூலால் தைத்த மாதிரி. கூட வந்த நாலு ஆள் ஒரு நாள் முழுக்க முட்டி மோதியதில் மூன்று தகடு வந்தது. கொடி இல்லாத இடத்தில் ஊர்ஜனம் கருவாடு காயப் போட்டிருந்தது. இரும்புச் சூட்டில் சீக்கிரம் காயுமாம். பிள்ளைகள் சைக்கிள் பழகின. நிலம் மட்டும் திரும்பி வரவில்லை. மனுப் போட்டவர்களுக்கு, பார்க்கிறோம் என்று பதில் வந்ததாம். தங்கம்மா என்னைக் கண்டதும் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சிரித்தாள். "வாங்க தம்பி! காணியைத் திருப்பித் தாறன் எண்டு சொன்னீங்க. இப்ப இரும்பைத் திருப்பி எடுக்க வந்திருக்கிறீங்க. இரும்பு உங்கட. மண் எங்கட. எங்கட மண்ணில கால் வைக்காம எடுத்துட்டுப் போங்களன் பாப்பம்." சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "அடம்பன் கொடியும் திரண்டா மிடுக்கு எண்டு சொல்லுவாங்க. உங்கட ஊரில சொல்ற இல்லையோ?" என்று வேறு கேட்டாள்.

இரண்டு நாள் கருவாட்டு நாற்றத்தில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு அவர்களிடம் போய் வியாபாரம் பேசினேன். "நீங்க ஊரோட வந்து கொடியை அறுத்து, தகட்டைத் தூக்கிக் குடுங்க. பத்துத் தகட்டுக்கு ஒண்ணு உங்களுக்கு. தகடு எடுத்த எடத்துல அன்னிக்கே தென்னங்கன்னு நடுங்க, கன்னு செலவு என்னுது. காலியா கெடந்தாத்தான் சர்க்காரு இன்னொருத்தனுக்குக் குடுக்கும். கன்னு நின்னா யோசிக்கும்" என்றேன். தங்கம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வெட்டினதும் நீங்கதான், நடச் சொல்றதும் நீங்கதான்" என்றாள். ஆனால் அடுத்த நாள் காலை ஊரே அரிவாளோடு நின்றது. தெற்கிலிருந்து தூக்கத் தொடங்கினோம். ஒரு எல்லைக்கும் அடுத்த எல்லைக்கும் நடுவில் எத்தனை தகடு என்று எண்ணி நான் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். வெட்டு வந்த இடத்தில் அந்தந்தக் குடும்பம் இறங்கி நட்டது. ஒரு சண்டை கிடையாது. மூன்று மாதம் முடிவதற்குள், பட்டாளம் மொட்டையடித்த நிலம் நெடுகக் கன்றுகள் நின்றன. அதைப் பார்த்தபோது, நான் சொன்ன பொய் நிஜமாகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இப்போது சொல்லப்போவதை உன் அம்மாவைத் தவிர நேற்று வரை யாருக்கும் சொன்னதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்கு நிற்கிறது, கப்பல் மறுநாள். ஒரு உத்தியோகஸ்தன் ஒரு தாளை நீட்டினான். தகடு முழுவதும் அகற்றப்பட்டது, நிலம் காலியாக உள்ளது, பயிரோ ஆள் நடமாட்டமோ எதுவுமில்லை என்று அதில் அடித்திருந்தது. "கன்னு நட்டிருக்காங்களே சார்" என்றேன். "அது உம்ம வேலையில்லை. கையெழுத்து இல்லையென்றால் சரக்கு நகராது" என்றான். அவனோடு சண்டை போட்டிருக்கலாம். கப்பலை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் கடனில் மூழ்கியிருப்பேன், நீ இன்ஜினியர் ஆகியிருக்க மாட்டாய், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அங்கே ஆறு குடும்பம் இருக்கிறது என்று தெரிந்த ஒரே வெளியூர்க்காரன் நான். அங்கே ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டேன். பேனாவை அவனே கொடுத்தான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தாள். 'தம்பிக்கு, காணியை வேறு ஆக்களுக்குக் குத்தகைக்குக் குடுத்திட்டாங்க. கண்டுகளைப் பிடுங்கிப் போட்டாங்க. நீங்கள் கையெழுத்து வைச்ச கடதாசியை எங்களுக்கு வாசிச்சுக் காட்டினாங்க. தங்கம்மா.' திட்டவில்லை, சபிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வேறு ஒன்றும் இல்லை. அதற்குள் அங்கே போய்வர பாஸ்போர்ட்டு, விசா என்று ஆகிவிட்டது. நான் போகவில்லை. போக முடியவில்லை என்று பாதி சொல்லலாம். மீதி, அவள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை.

அன்று சரக்குப் போட்டு வைக்கும் என் இரும்பு யார்டுக்குப் போனேன். தகடெல்லாம் விற்றாகிவிட்டது. மூலையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதில் அந்த ஆறு எல்லைத் தகடும் இருந்தன. பெருந்தன்மையால் வைத்திருந்தேன் என்று எண்ணிவிடாதே. உளி வெட்டு விழுந்த தகட்டை யாரும் வாங்கவில்லை, அதனால் கிடந்தது. நோட்டை எடுத்தேன். பிரேசர் டவுனில் இந்த மனையை அப்போதுதான் வாங்கியிருந்தோம். கேட்டுக்கு இடது பக்கம் வடக்கு முனை என்று வைத்துக்கொண்டு, ஒரு வெட்டுத் தகட்டை முதலில் நட்டேன். அதற்கும் அடுத்த எல்லைக்கும் நடுவில், அங்கே கிடந்த பத்துத் தகட்டுக்கு இங்கே ஒன்று என்ற கணக்கில், வெட்டில்லாத மொட்டைத் தகடுகளை நட்டேன். பிறகு இரண்டு வெட்டு. இப்படியே வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் ஆறாவது குடும்பத்தின் காணி முடிகிற தகட்டில் முடித்தேன். தெருவில் போகிறவனுக்கு அது குஜரிக்காரன் வீட்டு வேலி. ஆறு குடும்பத்தின் காணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே வரைபடமும் அதுதான். நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. வேலியைப் பிடுங்கி ஆள் வைத்து அடுக்கினால், நாற்பது மரத்துக்காரியின் எல்லை அந்த அடுக்கில் கலந்துபோகும். பிறகு நான் கையெழுத்துப் போட்டது நிஜமாகிவிடும். அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்று ஆகிவிடும்.

இதையெல்லாம் தணிகாசலத்திடம் சொன்னேன். வருஷத்துக்கு ஒன்றாக அந்த ஊர் சர்க்காருக்கு நான் எழுதிய மனுக்களின் நகலையும் முன்னால் போட்டேன். அந்தத் தாளில் பொய்க் கையெழுத்துப் போட்டவன் நான்தான், என்மேல் நடவடிக்கை எடுங்கள், நிலத்தைக் கொடுங்கள் என்று எழுதியவை. ஒன்றுக்கும் பதில் இல்லை. மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது, உருகிவிட்டார் என்று நினைத்தேன். "சம்பந்தி, இன்னா இது? பதினஞ்சு வருசமா திட்டிக்கினே இருக்கீங்க. நிலத்தைக் குடுன்றீங்க, எந்த நிலம்னு ஒரு எடத்துலயாவது எழுதினீங்களா? எல்ல இல்ல, அளவு இல்ல, ஸ்கெட்ச் இல்ல. இத எந்த கிளார்க்கு மேல அனுப்புவான்? நானா இருந்தா அன்னிக்கே கட்டி மூலையில போட்டிருப்பேன்" என்றார். உன் அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில், "அப்ப நீங்களே எழுதறது" என்றேன்.

அவர் எழுந்து வெளியே போனார். செருப்புக்கூடப் போடாமல் கேட்டுக்கு இடது பக்கம் நின்று, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்தார். மூன்று வெட்டுத் தகடு வந்ததும் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். தங்கம்மா தடவிய அதே இடம். உள்ளே வந்து, "காலி நிலம், சாகுபடி இல்ல. இந்த மாதிரி காகிதம் நானும் எத்தினியோ ஃபைல்ல வெச்சுத் தெச்சிருக்கேன். ஒரு எடத்துக்கும் போயிப் பார்த்ததில்ல" என்றார். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். சாம்பாரில் உப்புக் குறைவு என்று உன் அம்மாவிடம் சொல்லும் அளவுக்குச் சகஜமாகிவிட்டார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ போய் நின்று பார்க்காத ஒன்றின்மேல், உன்னுடையதல்லாத ஒன்றின்மேல், காரியம் நகர வேண்டுமே என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். நானும் அதைத்தான் செய்தேன், அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. ஆனால் உனக்குத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. எனக்கு இருந்த நேரத்தை நான் கடலில் போட்டேன். உன் கடிதத்தை அவரிடமிருந்து திரும்ப வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். நீயே கிழி. வெட்கமாக இருந்தால் இரு. 'பேரீச்சம்பழம்' என்று இன்னும் எவனாவது கத்தினால், நின்று அவனை வேலிக்கு அழைத்து வந்து எண்ணிக் காட்டு. தங்கம்மா உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு மக்கள் இருப்பார்கள். பதில் வராது என்று எல்லாரும் சொல்கிறார்கள். வராவிட்டால் மறுபடியும் எழுதுவேன். நான் போன பிறகு நீ எழுதுவாயா மாட்டாயா என்பது உன் பாடு. ஆனால் நான் இருக்கிற வரைக்கும், அங்கே ஒன்றுமில்லை என்று இன்னொரு தரம் என்னைச் சொல்ல வைக்க எவனாலும் முடியாது. என் மகனாலும் முடியாது. கல்யாணம் உன்னுடையது, வேலி என்னுடையது. இதில் உனக்குச் சம்மதமில்லை என்றால் உடனே தந்தி கொடு. பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

சம்பந்தியும் நானும் பேசி முடித்தது இதுதான். வரதட்சணை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'பழைய இரும்பு வியாபாரி' என்றுதான் வரும். கேட்டுக்கு மட்டும் பச்சைப் பெயிண்ட், செலவு அவருடையது. தகட்டின்மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் அவரே துடைக்க வேண்டும். புது மனுவை அவர் எழுதுவார், கையெழுத்து நான் போடுவேன். ஸ்கெட்ச் உன் பொறுப்பு. முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னதாக வந்து, நூல் பிடித்து, தகடு தகடாக அளந்து வரைந்து கொடுக்க வேண்டும். வேலி இருந்த இடத்தில், இருந்தபடி.

உன் நைனா